1789-ஆம் ஆண்டு வேல்ஸைத் தொகுப்பது எப்படி? முதன்முறை இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பதினெட்டாம் நூற்றாண்டு வேல்ஸில் ஏதாவது ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அப்போது யார் பதவியில் இருந்தார்கள், என்ன புத்தகம் வந்தது, எங்கே கவிதைப் போட்டி நடந்தது, நீதிமன்றத்தில் யார் நின்றார்கள் என்று தமிழில் தொகுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1789-ஐத் தொகுக்க இறங்கியபோது எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று சொல்ல ஆளில்லை. இங்கிலாந்து வரலாற்றுப் பழக்கத்தோடு வேல்ஸுக்குள் நுழைந்தால் பாதி வேலை வீணாகும். ஆவணங்கள் இருக்கும் இடமும் வேறு, பெயர் வைக்கும் முறையும் வேறு. நீங்கள் அந்த அலைச்சல் இல்லாமல் நேராக வேலையைத் தொடங்க வேண்டும்.

முதலில் ஒரு நல்ல செய்தி. பெரும்பகுதி வேலையை வீட்டிலிருந்தே, காசு செலவில்லாமல் முடிக்கலாம். பயணமும் சந்தாவும் கடைசியில் வருபவை. அவற்றில் முதலில் பணம் போட வேண்டாம்.

1. ஆண்டையும் எல்லையையும் முதலில் முடிவு செய்யுங்கள்

முதன்முறை என்றால் 1752-க்குப் பிந்தைய ஆண்டாக எடுங்கள். அதற்கு முன்பு சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. அதனால் பழைய ஆவணத்தில் "பிப்ரவரி 1740" என்று இருந்தால், நம் கணக்கில் அது 1741. 1752-இல் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளே செப்டம்பர் 14 ஆனது. 1733-க்கு முன்பென்றால் நீதிமன்றப் பதிவுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். லத்தீனும் பழைய நாட்காட்டியும் சேர்ந்துகொண்டால் புதியவர் தாக்குப்பிடிப்பது கடினம். (பெம்புரோக்ஷயரின் குவான் பள்ளத்தாக்கில் இன்றும் ஜனவரி 13-ஐப் பழைய புத்தாண்டாகக் கொண்டாடுகிறார்கள். பழைய கணக்கு அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது.)

நான் 1789-ஐப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. கோர்வெனிலும் பாலாவிலும் அந்த ஆண்டு நடந்த ஐஸ்டெத்வோட் கவிதைப் போட்டிகள்தாம் வேல்ஸின் இன்றைய தேசிய ஐஸ்டெத்வோட் விழாவின் வடிவத்துக்கு அடித்தளம் போட்டன. டாவித் ஆப் குவிலிம் என்ற பழைய வேல்ஷ் கவிஞரின் கவிதைகள் முதன்முறையாகத் தொகுப்பாக அச்சேறியதும், கிளமார்கனில் பிறந்த ரிச்சர்ட் பிரைஸ் லண்டனில் பிரெஞ்சுப் புரட்சியை வரவேற்று உரையாற்றியதும் அதே ஆண்டுதான். இலக்கியமும் அரசியலும் ஒன்றாகக் கிடைப்பதால் தேடுவதற்கு அலுப்புத் தட்டாது.

அடுத்தது எல்லை. இரண்டு கேள்விகளுக்குப் பதிலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கு எல்லை மாவட்டமான மன்மத்ஷயரைச் சேர்ப்பீர்களா? லண்டனில் வாழ்ந்த வேல்ஸ்காரர்களைச் சேர்ப்பீர்களா? மன்மத்ஷயரை இன்று வேல்ஸ் என்கிறோம், ஆனால் அன்று நீதி நிர்வாகத்தில் அது இங்கிலாந்து நீதிபதிகள் ஊர் ஊராகப் போகும் ஆக்ஸ்ஃபோர்டு சுற்றோடு சேர்ந்திருந்தது. லண்டனைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: சேர்க்கத்தான் வேண்டும். அன்று வேல்ஸில் ஒரு பல்கலைக்கழகம்கூட இல்லை, தலைநகரமும் கிடையாது. வேல்ஸ் பண்பாட்டு வாழ்வின் முக்கியமான சங்கங்கள் லண்டன் விடுதிகளில்தான் கூடின. லண்டனை விட்டுவிட்டால் 1789-இன் பாதி காணாமல் போகும்.

2. பதவிப் பட்டியலை முதலில் போடுங்கள்

பட்டியல் சலிப்பூட்டும் வேலைதான். ஆனாலும் இதை முதலில் முடித்துவிட்டால் பின்னால் வரும் பெயர்கள் எல்லாம் தானாக இடத்தில் உட்காரும். வேல்ஸ் இளவரசர் பட்டத்தில் அப்போது இருந்தவர் ஜார்ஜ், பிற்காலத்து நான்காம் ஜார்ஜ். நாடாளுமன்றத்தில் வேல்ஸுக்கு 24 உறுப்பினர்கள், மன்மத்ஷயரையும் சேர்த்தால் 27. பொதுத்தேர்தல் 1784-இலும் 1790-இலும் நடந்ததால் 1789-இல் இடைத்தேர்தல்களை மட்டும் பார்த்தால் போதும். வட வேல்ஸின் மிகப் பெரிய நிலவுடைமையாளரான சர் வாட்கின் வில்லியம்ஸ்-வின், நான்காம் பாரனெட், அந்த ஆண்டு இறந்தார். அவர் இருந்த டென்பிஷயர் இடம் காலியானது. இந்த விவரங்களை 'நாடாளுமன்ற வரலாறு' என்ற இணையத் திட்டத்தில் தொகுதிவாரியாகப் படிக்கலாம், கட்டணம் இல்லை.

மாவட்டத்தில் அரசரின் சார்பாக இருந்த அதிகாரிகளான ஷெரீஃப்களுக்கு லண்டன் கெஜட் என்ற அரசிதழைப் பாருங்கள். அதன் பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகத் திறக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஷெரீஃப் நியமனம் ஜனவரி முதல் தேதி நடப்பதில்லை, குளிர்காலத்தின் கடைசியில் அறிவிப்பு வரும். எனவே 1789 ஜனவரியில் பதவியில் இருந்தவர் முந்தைய பட்டியலின் ஆள். ஆண்டுக்கு ஒரே பெயர் என்று போட்டுவிடாதீர்கள்.

ஆயர்கள் நான்கு பேர்: பாங்கரில் ஜான் வாரன், லாண்டாஃபில் ரிச்சர்ட் வாட்சன், செயின்ட் டேவிட்ஸில் சாமுவேல் ஹார்ஸ்லி, செயின்ட் ஆசஃபில் சாமுவேல் ஹாலிஃபாக்ஸ். கடைசி மறைமாவட்டத்தில் கவனம் தேவை. ஜொனாதன் ஷிப்லி 1788 டிசம்பரில் இறந்து, ஹாலிஃபாக்ஸ் 1789-இல் வந்தார், 1790-இல் அவரும் இறந்துவிட்டார். பட்டியல்களில் இந்த மூன்று ஆண்டுகள் அடிக்கடி குழம்பிக் கிடக்கும். நால்வரில் ஒருவரும் வேல்ஸ்காரர் இல்லை. வாட்சன் தம் மறைமாவட்டத்தில் தங்கியதே அரிது, வின்டர்மியர் ஏரிப் பக்கம்தான் வாழ்ந்தார். மக்கள் ஏன் மெத்தடிஸ்ட் என்ற சமய எழுச்சி இயக்கத்தின் கூட்டங்களைத் தேடிப் போனார்கள் என்பதற்கு இந்தப் பட்டியலே பாதிப் பதில். ஊர்ப் பாதிரியார்களின் பெயர் வேண்டுமானால் இங்கிலாந்துத் திருச்சபை குருமார் தரவுத்தளம் 1540 முதல் 1835 வரை போகிறது, அதுவும் இலவசம்.

3. செய்தித்தாளை வேல்ஸில் தேடாதீர்கள்

புதியவர்கள் அதிக நேரம் தொலைப்பது இங்கேதான். வேல்ஸ் தேசிய நூலகத்தின் செய்தித்தாள் தளம் அருமையானது, இலவசமும்கூட. ஆனால் அது 1804-இல்தான் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஸ்வான்சியில் வந்த 'தி கேம்ப்ரியன்'தான் வேல்ஸில் அச்சான முதல் வாரச் செய்தித்தாள். வேல்ஷ் மொழியில் வாரப் பத்திரிகைக்கு 1814 வரை காத்திருக்க வேண்டும். ஆகவே 1789-க்கு அந்தத் தளத்தில் எதைத் தட்டினாலும் பயனில்லை.

அன்று வேல்ஸ் செய்திகளை அச்சிட்டவை எல்லைக்கு அப்பால் இருந்த ஆங்கில நகரங்கள்: வடக்குக்கு செஸ்டர், நடுப்பகுதிக்கு ஷ்ரூஸ்பரியும் ஹெரிஃபோர்டும், தெற்குக்கு பிரிஸ்டலும் குளோஸ்டரும். பிரிட்டிஷ் செய்தித்தாள் காப்பகம் என்ற சந்தாத் தளத்தில் இவற்றில் பல உண்டு. அங்கே தேடுவது இலவசம், பக்கத்தைத் திறக்கத்தான் பணம். எனவே முதலில் இலவசத் தேடலில் எந்த இதழ், எந்தத் தேதி என்று முழுப் பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டி, அந்த மாதத்துக்குள் எல்லாவற்றையும் திறந்து முடியுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பிரிட்டனில் இருப்பவர்கள் உள்ளூர்ப் பொது நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், பல நூலகங்களின் கணினிகளில் இந்தத் தளம் இலவசமாகத் திறக்கும்.

தேடும்போது இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். அக்கால அச்சில் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் எஸ் எழுத்து, எஃப் போலவே நீண்டிருக்கும். கணினி அதை எஃப் என்றே படித்துவிடும். எஸ் உள்ள சொல்லை எஃப் போட்டும் ஒருமுறை தேடுங்கள். முன்பு கிடைக்காத செய்திகள் கொட்டும். ஊர்ப் பெயர்களும் அப்படியே: இன்றைய கயர்நார்வனும் டோல்கெல்லாவும் கான்வியும் அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் கார்னார்வன், டோல்கெல்லி, கான்வே.

இரண்டாவது, "சென்ற வியாழக்கிழமை" என்று எழுதுவார்கள். இதழின் தேதியை நிகழ்வின் தேதியாகப் போட்டுவிடக் கூடாது. 1789 ஜனவரி 1 ஒரு வியாழக்கிழமை, அதை வைத்து நாள்காட்டி ஒன்றைத் தயாரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். இறப்புச் செய்திகளுக்கு 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' மாத இதழ் உதவும். அதன் ஆண்டுத் தொகுதிகள் பொது மின்னூலகங்களில் இலவசம். டிசம்பர் இறப்புகள் அடுத்த ஆண்டுத் தொகுதியில் வரலாம் என்பதால் 1790-இன் முதல் பகுதியையும் புரட்டுங்கள்.

4. நீதிமன்றப் பதிவுகள்: சாதாரண மக்கள் இருக்கும் இடம்

இதுவரை பார்த்த பட்டியல்களில் இருப்பவர்கள் கனவான்களும் ஆயர்களும்தான். கூலிக்காரர்களும் வேலைக்காரப் பெண்களும் 1789-இல் எங்கே இருந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் நீதிமன்றப் பதிவுகளுக்குத்தான் போக வேண்டும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது.

வேல்ஸுக்கு 1830 வரை தனி உயர் நீதிமன்றம் இருந்தது. அதன் பெயர் கிரேட் செஷன்ஸ். பன்னிரண்டு மாவட்டங்களை நான்கு சுற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆண்டுக்கு இருமுறை நீதிபதிகள் அமர்ந்தார்கள். அதன் ஆவணங்கள் எல்லாம் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் உள்ளன. குற்ற வழக்குகளுக்கான 1730 முதல் 1830 வரையிலான தரவுத்தளம் அந்த நூலகத்தின் தளத்தில் இலவசம். மாவட்டம், ஊர், குற்றம், ஆண்டு என்று எப்படியும் தேடலாம். ஒரு பதிவைத் திறந்தால் குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர், தொழில், ஊர், திருடியதாகச் சொல்லப்பட்ட பொருள், அவர் சொன்ன பதில், தீர்ப்பு, தண்டனை எல்லாம் வரிசையாக வரும். ஓர் ஆண்டுக்கு ஒரு மாவட்டம் என்று எடுத்துக்கொண்டால் ஒரே மாலையில் முழுவதையும் படித்துவிடலாம்.

இங்கே மூன்று பொறிகள்.

மன்மத்ஷயர் வழக்குகள் இதில் இருக்காது. அவை அசைஸ் என்ற இங்கிலாந்துச் சுற்று நீதிமன்றப் பதிவுகளோடு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. "மன்மத்ஷயரில் அந்த ஆண்டு குற்றமே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது பொருளின் மதிப்பு. ஒரு ஷில்லிங்குக்கு (பன்னிரண்டு பென்ஸ்) மேல் திருடினால் அது பெருந்திருட்டு. அதனால் ஜூரிகள் இரக்கப்பட்டு, பத்துப் பென்ஸ் மதிப்பு என்று குறைத்துத் தீர்ப்புச் சொல்வது உண்டு. அந்தப் பத்துப் பென்ஸை எடுத்து "1789-இல் ஒரு சட்டையின் விலை" என்று போடக் கூடாது.

மூன்றாவது மொழி. நீதிமன்ற மொழி 1536 சட்டத்தால் ஆங்கிலம் ஆக்கப்பட்டது. சாட்சிக் கூண்டில் நின்றவர்களில் பெரும்பாலோருக்கு வேல்ஷ் மட்டுமே தெரியும், மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பேசினார்கள். ஆவணம் ஆங்கிலத்தில் இருப்பதை வைத்து ஊரும் ஆங்கிலம் பேசியது என்று முடிவு கட்டாதீர்கள். உயில்களும் இப்படித்தான். ஆனால் அவதூறு வழக்குகளில் மட்டும் ஒருவர் மற்றவரைத் திட்டிய வேல்ஷ் சொற்களை அப்படியே எழுதி, கீழே ஆங்கிலத்தில் பொருள் சொல்வார்கள். சாதாரண மனிதர்களின் பேச்சு காதில் விழும் அரிய இடம் அது. கிடைத்தால் கட்டாயம் சேருங்கள்.

உயில்களைப் பற்றிச் சுருக்கமாக: 1858-க்கு முன் வேல்ஸ் திருச்சபை நீதிமன்றங்களில் பதிவானவை தேசிய நூலகத் தளத்தில் படங்களோடு இலவசமாகக் கிடைக்கின்றன. பல மறைமாவட்டங்களில் சொத்து வைத்திருந்த பணக்காரர்களின் உயில்கள் கேன்டர்பரி பேராயரின் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும், அவை கியூவில் உள்ளன.

5. புத்தகங்களும் போட்டிகளும்: யோலோவைக் கண்டால் நில்லுங்கள்

அந்த ஆண்டு என்னென்ன அச்சானது என்பதற்கு 'லிப்ரி வாலியே' என்ற நூற்பட்டியலைத் தேடுங்கள். 1546 முதல் 1820 வரை வேல்ஷ் மொழியிலும் வேல்ஸிலும் அச்சான புத்தகங்களின் பட்டியல் அது. பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் கிடைக்கும். அச்சான ஊரைப் பார்க்காமல் "வேல்ஸில் வெளியானது" என்று எழுதாதீர்கள். வேல்ஷ் புத்தகங்கள் ஷ்ரூஸ்பரி, செஸ்டர், லண்டன் நகரங்களிலும் ஏராளமாக அச்சாகின.

டாவித் ஆப் குவிலிம் தொகுப்பு அப்படி லண்டனில் வந்ததுதான். ஓவைன் மவிர் என்ற ஓவன் ஜோன்ஸும், வில்லியம் ஓவனும் சேர்ந்து பதிப்பித்தார்கள். டாவித் பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர், வேல்ஷ் கவிதையின் உச்சம் என்று மதிக்கப்படுபவர். அந்தப் புத்தகத்தின் பிற்சேர்க்கையில் உள்ள கவிதைகளை அனுப்பியவர் எட்வர்ட் வில்லியம்ஸ், புனைபெயர் யோலோ மோர்கானுக். அவற்றில் பலவற்றை அவரே எழுதி டாவித்தின் பெயரில் கொடுத்தார். உண்மையை ஜி. ஜே. வில்லியம்ஸ் 1926-இல்தான் நிறுவினார். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வரிகள் டாவித்தின் வரிகளாகவே படிக்கப்பட்டன.

இதனால் உங்களுக்கு ஒரு கண்டிப்பான விதி: 1926-க்கு முன் வெளியான எந்த நூலிலாவது கிளமார்கன் கவிஞர்கள், ட்ருயிட் என்ற பழங்காலப் பூசாரிகளின் சடங்குகள், பழைய மரபுகள் பற்றி யோலோ வழியாக வந்த தகவல் இருந்தால், தற்காலப் பதிப்பு ஒன்றில் சரிபார்க்காமல் சேர்க்காதீர்கள். பழைய நூல்கள்தான் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதால் இந்தத் தவறு வேகமாகப் பரவுகிறது. யோலோவைத் தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். அவர் பெரிய கவிஞர், அறிவாளி. இன்றைய ஐஸ்டெத்வோடில் நாம் பார்க்கும் கவிஞர் சபையான கோர்செத் அவருடைய படைப்பு. அதன் முதல் கூட்டம் 1792 ஜூனில் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் நடந்தது. ஆகவே 1789 போட்டிகளை விவரிக்கும்போது கோர்செத் சடங்கைச் சேர்த்துவிடாதீர்கள், அது அப்போது பிறக்கவே இல்லை.

போட்டிகளைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். 1789 மே மாதம் கோர்வெனில் நடந்ததற்கு ஏற்பாடு செய்தவர் தாமஸ் ஜோன்ஸ், கலால் வரி அதிகாரி. லண்டனில் 1770-இல் வேல்ஸ்காரர்கள் தொடங்கிய க்வினெத்திகியோன் சங்கம் ஆதரவு தந்தது. வெற்றி யாருக்கு என்பதில் சண்டை. சங்கம் குவால்ட்டர் மெகைன் என்ற கவிஞரைத் தேர்ந்தெடுத்தது. சங்கத்தின் உறுப்பினர் டேவிட் சாம்வெல் ஏற்காமல், நாட்டுப்புற நாடகக்காரரான டூம் ஓர் நான்ட்டுக்குத் தம் பங்காக வெள்ளிப் பேனா ஒன்றைப் பரிசளித்தார். இந்த சாம்வெல் கேப்டன் குக்கின் கடைசிப் பயணத்தில் கப்பல் மருத்துவராகப் போனவர், குக்கின் மரணத்தைப் பற்றி எழுதியவர். செப்டம்பரில் பாலாவில் மனித வாழ்வைப் பற்றிய பொருளில் நாற்காலிப் பரிசையும் குவால்ட்டரே வென்றார். தலைப்பை முன்கூட்டியே அறிவிப்பது, புனைபெயரில் அனுப்புவது போன்ற முறைகள் இந்தச் சங்கத்தின் காலத்தில்தான் நிலைபெற்றன.

ஒரே பெயரில் "1789 ஐஸ்டெத்வோட்" என்று எழுதினால் கோர்வெனும் பாலாவும் கலந்துவிடும். மாதத்தையும் ஊரையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே எழுதுங்கள்.

6. பெயர்களைப் பிரித்து வையுங்கள்

மேலே சொன்ன கோர்வென் தாமஸ் ஜோன்ஸ் தவிர, அதே ஆண்டில் ஓவியர் தாமஸ் ஜோன்ஸ், மெத்தடிஸ்ட் எழுத்தாளர் டென்பி தாமஸ் ஜோன்ஸ், மதகுரு கிரீட்டன் தாமஸ் ஜோன்ஸ் மூவரும் உயிரோடு இருந்தார்கள். அதனால்தான் வேல்ஸில் ஊர்ப் பெயரோ கவிப் பெயரோ இல்லாமல் ஆளை அடையாளம் காட்ட முடியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை போட்டு, சட்டப் பெயர், கவிப் பெயர், பிறந்த ஊர், பிறப்பு, இறப்பு என ஐந்தையும் எழுதுங்கள். வில்லியம் ஓவனைப் பிற்காலத்தில் வில்லியம் ஓவன் பியூ என்பார்கள், 1789-இல் அவருக்கு அந்தக் கடைசிப் பெயர் இல்லை.

சரிபார்க்க 'வேல்ஸ் வாழ்க்கை வரலாற்று அகராதி' இருக்கிறது. இணையத்தில் வேல்ஷ், ஆங்கிலம் இரண்டிலும் இலவசம். கட்டுரையின் அடியில் எழுதிய ஆண்டைப் பாருங்கள். பல கட்டுரைகள் 1950-களில் வந்தவை. வேல்ஷ் மொழிப் பக்கங்களில் தேடுகிறவர்கள் சொல்லின் முதலெழுத்து மாறும் என்பதை நினைவில் வையுங்கள். "பாங்கரில்" என்று வேல்ஷில் எழுதும்போது பாங்கர், மாங்கர் ஆகிவிடும். முதலெழுத்தை விட்டுவிட்டு மீதியைத் தேடுங்கள்.

7. அபெரிஸ்ட்வித் போவதென்றால்

மேலே சொன்னவற்றை முடித்து, "இந்தக் கட்டு, இந்த எண்" என்று கையில் பட்டியல் இருந்தால் மட்டும் கிளம்புங்கள்.

வாசகர் அட்டை இலவசம். அடையாளச் சான்று ஒன்று, முகவரிச் சான்று ஒன்று, இரண்டும் அசலாக வேண்டும். கடவுச்சீட்டில் முகவரி சான்றாகாது என்பதால், பெயரும் வீட்டு முகவரியும் உள்ள வங்கி அறிக்கையோ கட்டண ரசீதோ தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டால் வாசலில் நேரம் மிச்சம். ஆவணங்களையும் போவதற்குச் சில நாட்கள் முன்பே கேட்டு வையுங்கள். கட்டுகளை எடுத்து வரக் குறிப்பிட்ட நேரங்கள் உண்டு. மதியம் போய்க் கேட்டால் அன்றைய பொழுது போய்விடும். கையெழுத்து ஆவணங்களுக்குப் பேனா கூடாது, பென்சில் மட்டும். படம் எடுக்கும் விதிகளை வாசகர் மேசையில் கேட்டுவிட்டே கேமராவை வெளியே எடுங்கள்.

லண்டனிலிருந்து போனால் பர்மிங்காமில் ரயில் மாற வேண்டும், ஏறத்தாழ ஐந்து மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்புவது நடக்காது, குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். பல்கலைக்கழக ஊர் என்பதால் பட்டமளிப்பு நடக்கும் ஜூலையிலும் மாணவர்கள் வந்து இறங்கும் செப்டம்பர் கடைசியிலும் அறைகளுக்கு நெருக்கடி. நூலகம் குன்றின் மேல் இருக்கிறது, பையைக் குறைவாக வையுங்கள். ஞாயிறு விடுமுறை.

எல்லாம் அங்கேயே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஆங்கிள்சியின் பாரிஸ் மலை அக்காலத்தில் உலகிலேயே பெரிய செப்புச் சுரங்கங்களில் ஒன்று. அதன் மோனா சுரங்கக் காகிதங்கள் பாங்கர் பல்கலைக்கழகக் காப்பகத்தில் உள்ளன. மாவட்ட நீதிபதிகளின் காலாண்டு அமர்வுப் பதிவுகள் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகங்களில் கிடைக்கும்.

8. எழுதும்போது

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறியுங்கள், பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட வேண்டாம். மாதம் மட்டும் உறுதியாகத் தெரிந்தால் மாதத்தோடு நிறுத்துங்கள். ஆண்டின் ஓரத்தில் நிற்பவற்றுக்கு ஒரே விதியைப் பின்பற்றுங்கள். கிளமார்கன்ஷயர் கால்வாய்ச் சட்டம் 1790-இல் நிறைவேறியது, எனவே அது 1789 பட்டியலில் வராது. பிரைஸின் உரை நவம்பர் 4, 1789. அதற்கு மறுப்பாக எட்மண்ட் பர்க் எழுதிய நூல் 1790. உரையை மட்டும் பட்டியலில் வைத்து, நூலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். மக்கள்தொகை எண் எங்காவது கண்ணில் பட்டால் சேர்க்காதீர்கள், முதல் கணக்கெடுப்பே 1801-இல்தான், அதற்கு முன் உள்ளவை எல்லாம் மதிப்பீடு.

படங்கள் சேர்க்க விரும்பினால், காப்புரிமை முடிந்த பழைய ஓவியங்களின் மின்படிகளுக்குத் தேசிய நூலகம் புதிதாக உரிமை கோருவதில்லை. மற்றக் காப்பகங்கள் அப்படி அல்ல. பல இடங்களில் வெளியீட்டுக்குத் தனி அனுமதியும் கட்டணமும் உண்டு, பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம். எழுதத் தொடங்கும் அன்றே அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.